அடுத்த தேதி ஆட்டமும் பவர் அக்காவும்

கண்ணாடிக் கடையில் அவளைப் பவர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கண் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்து, இந்தப் பவருக்கு எந்த ஃபிரேம் தாங்கும், எது மூக்கை அழுத்தும், எது காதை அறுக்கும் என்று சொல்வது அவள் வேலை. கிட்டப்பார்வை முற்றிப்போன ஒருவர் அகலமான ஃபிரேமை மாட்டிக்கொண்டு அழகு பார்த்தால், "எடுத்துக்கோங்க. ஆனா ஓரம் பாட்டில் அடி மாதிரித் தெரியும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். முதலாளிக்கு அதில் வயிற்றெரிச்சல்தான். இருந்தாலும் அவள் கையால் கண்ணாடி வாங்கிப்போன யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை என்பதால் பொறுத்துக்கொண்டார்.

இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லியே பழகிய ஒருத்தி, உண்மையைச் சொல்வதற்கென்றே கட்டி வைத்த இடமான கோர்ட்டுக்குப் போய்த் திண்டாடினாள். அங்கே அவள் சொன்னதைக் கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள், தீர்ப்பும் கொடுத்தார்கள். நம்பியதுதான் வேறு.

அவள் வீட்டுக்காரருக்குத் தெருவில் அட்டைக்காரர் என்று பெயர். ஒரு பெட்டிக் கம்பெனியில் வேலை. பற்பசைக்கும் மாத்திரைக்கும் செருப்புக்கும் வரும் அட்டைப்பெட்டி எங்கே மடிய வேண்டும், எங்கே வெட்டு விழ வேண்டும் என்று வரைந்து கொடுப்பார். கம்பெனியில் மிஞ்சும் அட்டை வீட்டுக்கு வரும். வந்த அட்டை சும்மா இருக்காது, விளையாட்டாக மாறும். கட்டம் போட்ட பலகை, சீட்டு, குட்டிக் குட்டிக் காய்கள். சமையலறை அலமாரியில் பருப்பு டப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துறைமுகம் இருக்கும். கட்டிலுக்கு அடியில் இரண்டு நாடுகள் போருக்குத் தயாராக இருக்கும். வீடு என்னவோ அவர் பேரில் இருந்த சொந்த வீடு, ஆனால் இரண்டு அறைதான். அதில் ஒன்றரை அறை அட்டைக்கும் மீதி மனிதர்களுக்கும்.

ஒவ்வொரு விளையாட்டையும் அவர் முதலில் அவளிடம்தான் சோதித்துப் பார்ப்பார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வாயால் எதையும் விளக்க மாட்டார். விதிகள் எழுதிய தாளை அவள் முன்னால் வைத்துவிட்டு, சிவப்புப் பென்சிலோடு எதிரே உட்கார்ந்துவிடுவார். அவளாகப் படித்து, அவளாகப் புரிந்துகொண்டு ஆட வேண்டும். அவள் எங்கே தவறாக ஆடுகிறாளோ அந்த வரியின் கீழே கோடு போடுவார். அன்று மாலையே அந்த வரியைத் திருத்தி எழுதுவார். "தப்பு ஆடுறவங்க மேல இல்ல, எழுதினவன் மேல" என்பார். கேட்பதற்கு எவ்வளவு உயர்ந்த மனசு. கல்யாணமான புதிதில் அவளும் அப்படித்தான் நினைத்தாள். பலகையை விட்டு எழுந்ததும் அந்த மனசு பலகையிலேயே தங்கிவிடும் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. கடன்காரன் வந்து கத்தினால் அது அவள் தப்பு. கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் அவள் தப்பு. அவர் வாங்கி வர மறந்த சாமான் எல்லாம் அவள் நினைவுபடுத்த மறந்த சாமான்.

இன்னொன்றும் உண்டு. அவர் ஒருநாளும் அவளை ஜெயிக்க விட்டதில்லை. புது விளையாட்டு, விதியே இன்றைக்குத்தான் பிறந்திருக்கிறது, அதில்கூட அவர்தான் ஜெயிப்பார். "ஒரு தடவை விட்டுக்கொடுத்தா என்ன?" என்று ஒருமுறை கேட்டாள். அவர் உண்மையாகவே புரியாமல் பார்த்தார். "விட்டுக்கொடுத்தா அது எப்படி ஆட்டம்?" என்றார்.

அவள் அப்பா மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாக போன் வந்தபோது இருவரும் ஒரு புது விளையாட்டின் நடுவில் இருந்தார்கள். அவள் எழுந்தாள். அவர் பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இந்த ஒரு சுத்து முடிச்சிட்டுப் போயேன்" என்றார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பாவிடம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அவரிடம் பேசினாள், கையைப் பிடித்துக்கொண்டாள், அதற்கப்புறம்தான் அவர் போனார். அதனால் அந்த வார்த்தையால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்லலாம். சொன்னார்கள். ஆனால் அவள் திரும்பி வந்ததும் போய் நின்ற இடம் குடும்ப நல நீதிமன்றத்தின் மனு எழுதும் மேசை.

நாத்தனார் அலறிக்கொண்டு வந்தார். அட்டைக்காரரின் ஒரே அக்கா, அவரைவிடச் சில வயது பெரியவர். அந்தக் காலத்தில் அவர் தன் தம்பிக்காகப் பேசியதை எல்லாம் யாராவது எழுதி வைத்திருந்தால் பின்னாளில் பெரிய உதவியாக இருந்திருக்கும். "குடிக்கிறானா? கை நீட்டறானா? வெளியில ஏதாவது சகவாசமா? அட்டையை வெட்டறான். ஊர்ல அவனவன் கழுத்தை வெட்டறான். இவன்மேல ஒரு கேஸாம்" என்றார். இவ்வளவு நல்ல கணவனைக் குறை சொல்கிறவளுக்குக் கண்ணில்தான் ஏதோ கோளாறு, கண்ணாடிக் கடையில் வேலை செய்தும் என்ன புண்ணியம் என்றும் சொன்னார்.

கேஸ் நடந்த காலம் முழுக்க இருவரும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். தனியாக வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்க இரண்டு பேருக்குமே வழியில்லை. கோர்ட்டுக்கு மட்டும் தனித்தனி பஸ்ஸில் போனார்கள். பிரிய வேண்டும் என்று கேட்கிறவர்கள் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினால் நன்றாக இருக்காது என்று இரண்டு வக்கீல்களும் சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் முதல் பஸ்ஸில் போவார். அவள் கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போவாள். கோர்ட்டு வராந்தாவில் மின்விசிறி ஓடுகிற பெஞ்சு ஒன்றே ஒன்றுதான். அதில் போய் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள்.

காத்திருப்பது அட்டைக்காரருக்கு வராது. கை அரிக்கும். சில வாய்தாக்கள் போனதும் சட்டைப் பையிலிருந்து அட்டைத் துண்டுகளை எடுத்துக் கட்டம் வரைய ஆரம்பித்தார். ஒரு நீண்ட வராந்தா, அதன் கோடியில் ஒரு கதவு. ஆளுக்கொரு காய், அது ஒரு கோப்பு. யாருடைய கோப்பு முதலில் கதவுக்குள் போகிறதோ அவருக்கு வெற்றி. நடுவில் சீட்டு எடுக்க வேண்டும். வக்கீல் வரவில்லை, மூன்று கட்டம் பின்னால் போ. கையெழுத்து விட்டுப்போயிற்று, ஒரு சுற்று உட்கார். எதிராளி மேல் எறியக் கூடிய சீட்டுகளும் உண்டு. அதில் கொடியது அடுத்த தேதி. அது விழுந்தால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் முதலில் பார்க்காதது போல உட்கார்ந்திருந்தாள். எதிர்மனுதாரருடன் விளையாடலாமா என்று வக்கீலிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது. ஆனால் எதிரே அறைக்குள் குமாஸ்தா அன்றைய கோப்புக் கட்டைத் தூக்கி அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததையும், விடிந்ததிலிருந்து காத்திருந்த ஒருவருக்கு முகம் செத்துப்போனதையும், அப்போதுதான் மாடிப்படி ஏறி வந்தவர் நேராக உள்ளே போனதையும் பார்த்ததும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கட்டைக் கவுக்கிற சீட்டு ஒண்ணு வேணும். முன்னாடி இருக்கிறவன் பின்னாடி போகணும், பின்னாடி இருக்கிறவன் முன்னாடி வரணும்" என்றாள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ முதல்முறை பார்க்கிற மாதிரி. பிறகு ஒரு சீட்டை வெட்டி அதில் 'கவிழ்' என்று எழுதினார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆடினார்கள். வீட்டில் பேச்சு கிடையாது. தண்ணீர் வந்துவிட்டதா, கதவைப் பூட்டியாயிற்றா, அவ்வளவுதான். பெஞ்சுக்கு வந்ததும் பேச்சு கொட்டும். இந்த விதி நியாயமா, அந்தச் சீட்டு ஜாஸ்தியா, வாசலில் நின்று பெயர் கூப்பிடும் டவாலிக்கு ஒரு சீட்டு கொடுக்கலாமா. பிரிவதற்காக வந்த இடத்தில்தான் அவர்கள் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருந்தார்கள் என்றால் அது அதிகப்படி. இரண்டு பேர் ஒரு வேலையில் சேர்ந்து இறங்கினால் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள். பவர் அக்காவின் கல்யாண வாழ்க்கையில் அதுவே புதிது.

அதற்காக மனு நின்றுவிடவில்லை. ஒரு கட்டத்தில் அவரும் சம்மதித்தார். உடன்படிக்கை எழுதினார்கள். வீடும் விளையாட்டுகளும் அவருக்கு, அவளுடைய சாமான்களும் விடுதலையும் அவளுக்கு. 'மேற்படி அட்டை விளையாட்டுகளில் எனக்கு எவ்வித உரிமையும் வேண்டாம்' என்ற வரியை அவள்தான் சொல்லிச் சேர்க்க வைத்தாள். கையெழுத்துப் போட்டபோது பாரம் இறங்கியது போல இருந்தது. இனி ஒரே ஒரு நாள்தான் பாக்கி. பெயரைக் கூப்பிடுவார்கள், உள்ளே போக வேண்டும், நீதிபதி கேட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டும், முடிந்தது.

அந்த நாளில் அவர்கள் பெயரைக் கூப்பிட்டபோது இருவரும் போகவில்லை. அதே பெஞ்சில், அறைக் கதவுக்கு எதிரிலேயே, ஆடிக்கொண்டிருந்தார்கள். 'இருதரப்பினரும் ஆஜராகவில்லை' என்று எழுதி வேறு தேதி போட்டார்கள். குமாஸ்தா வெளியே வந்து இருவரையும் கண்டு கத்திய கத்தில் பலகை சரிந்து காய்கள் வராந்தாவில் உருண்டன. அன்று மாலை, எப்படியும் ஆஜராகாதவர்கள்தானே என்று, ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள்.

அடுத்த தேதி வரும் முன் அட்டைக்காரர் கம்பெனி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

விவாகரத்து வாங்கப் போனவள் விதவையாக வந்தாள். அழுதாள். தெருவில் சிலர் அவள் எதற்கு அழுகிறாள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி அவளுக்கும் இருந்தது.

சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர் அந்த வராந்தா விளையாட்டை ஒரு பொம்மைக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார். பல வருஷமாக எத்தனையோ விளையாட்டு அனுப்பி, எதற்கும் பதில் வராமல், அட்டையோடு அட்டையாகக் கிடந்தவர் அவர். இதற்கு மட்டும் பதில் வந்தது, அவர் போன பிறகு. 'அடுத்த தேதி' என்று பெட்டி போட்டு விற்றார்கள். ஆறு மாதத்தில் அது கடை கடையாகப் போயிற்று. போனிலும் வந்தது. ஆபீஸ்களில் ஆடினார்கள். கடைசியில் கோர்ட்டு வராந்தாவிலேயே ஆடினார்கள்.

அப்போது நாத்தனார் கேஸ் போட்டார்.

உடன்படிக்கைப்படி வீடும் விளையாட்டும் தம்பியுடையவை, அவள் வேண்டாம் என்று கையெழுத்தே போட்டிருக்கிறாள், ஆகவே தம்பிக்குப் பின் ரத்த உறவான தனக்கே சேரும் என்று மனு. மனுவில் கண்ட அட்டைக்காரரின் கல்யாண வாழ்க்கை பரிதாபமாக இருந்தது. வீட்டில் அவருக்கு ஒரு நாள் நிம்மதி இல்லை, ஒரு வாய்ச் சோறு அன்பாகப் போட ஆள் இல்லை, அந்தக் கல்யாணம் அவர் சாவதற்கு வெகுகாலம் முன்பே செத்துவிட்டது. முன்பு பவர் அக்கா சொன்னபோது இதையெல்லாம் இல்லை என்று வாதாடியவர் இதே நாத்தனார்தான். பவர் அக்காவின் வக்கீலோ, கணவனும் மனைவியும் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தார்கள் என்று பதில் தயாரித்தார். அதில் அவளுடைய பழைய மனுவின் பக்கம் பக்கமான குறைகள் எல்லாம் இளம் தம்பதிகளின் சின்னச் சின்ன ஊடல்களாகியிருந்தன. ஒரே கோப்பு, ஒரே அறை. ஆட்கள்தான் ஒருவர் இடத்தில் ஒருவர் மாறி உட்கார்ந்திருந்தார்கள்.

விளையாட்டைக் கூட விட்டுவிடலாம் என்றிருந்தாள் அக்கா. வீட்டை விட முடியவில்லை. கண்ணாடிக் கடைச் சம்பளத்தில் இன்னொரு வீடு என்பது நடக்காத காரியம். அதோடு, அட்டைகளை எல்லாம் ஒழுங்காகக் கட்டி ஒரு மூலையில் ஏற்றிய பிறகு அந்த முன்னறை எவ்வளவு பெரியது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்திருந்தது. ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டிருந்தாள். வேலை முடிந்து வந்து அதில் சும்மா உட்காருவாள். இவ்வளவு வருஷம் கழித்துக் கிடைத்த ஒரு நாற்காலி இடம்.

வக்கீல் அவளுக்கு விளக்கினார். உடன்படிக்கை செல்லுமா செல்லாதா என்பதுதான் கேள்வி. அன்றைக்கு அவர்கள் உள்ளே போகாதது வெறும் கவனக்குறைவு என்றால் உடன்படிக்கை உயிரோடு இருக்கிறது, வீடு போயிற்று. மனம் மாறி, வேண்டுமென்றே போகவில்லை என்றால் உடன்படிக்கையைக் கைவிட்டார்கள் என்று அர்த்தம், வீடு அவளுக்கு.

"பேரைக் கூப்பிட்டது கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு சார்."

வக்கீல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "இதை ஏம்மா முதல்லயே சொல்லலை? அப்புறம் என்ன. கூப்பிட்டாங்க, கேட்டுச்சு, புருஷனைப் பார்த்தீங்க, பிரிய மனசு வரலை. முடிஞ்சுது கேஸ்."

"மனசு வரலைன்னு இல்ல சார்."

"பின்ன?"

அவள் சொன்னாள். வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். கேட்டது என்பது வரை சொன்னால் போதும், அதற்கு மேல் யார் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடையுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். "பொய் சொல்லச் சொல்லலை. பேசாம இருங்கன்னுதான் சொல்றேன்."

அவள் பல நாள் யோசித்தாள். கண்ணைத் துடைப்பது ஒரு பெரிய காரியமா? ஆனால் அப்படித் துடைத்துவிட்டால் அப்பா கிடந்த அன்று கேட்ட அந்த வார்த்தையும், அதற்கு முன்னால் போன வருஷங்களும் எல்லாம் பொய்யாகிவிடும். கோபத்தில் கேஸ் போட்டு, மனம் இளகித் திரும்பிய ஒரு பெண்ணாக அவள் ஆகிவிடுவாள். அப்படி ஒருத்தி எங்காவது இருக்கலாம். அவள் வீட்டில் இருந்ததில்லை.

சாட்சி நாளில் முதலில் டவாலியைக் கூப்பிட்டார்கள். ஊரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவருக்குத் தன் பெயரை இன்னொருவர் கூப்பிட்டதும் கை கால் ஓடவில்லை. மூன்று முறை உரக்கக் கூப்பிட்டதாகச் சொன்னார். எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு மாடிப்படிப் பக்கம் என்றார். ஏன் என்றதற்கு, ஆட்கள் எப்போதும் அங்கிருந்துதான் ஓடி வருவார்கள் என்றார். பெஞ்சில் இருவர் உட்கார்ந்து ஏதோ சீட்டு ஆடிக்கொண்டிருந்ததைப் பின்னால்தான் பார்த்தாராம்.

நாத்தனாரின் வக்கீல் பெரிய குரல்காரர். நீதிமன்ற வளாகத்தில் சூதாட்டமா என்று முழங்கினார். நீதிபதி என்ன ஆட்டம் என்று கேட்டார். அடுத்த தேதி என்று பதில் வந்ததும் குமாஸ்தா குனிந்து மேசைக்கடியில் எதையோ தேடினார். சுருக்கெழுத்துக்காரப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டார். தம் போனில் அன்று காலைதான் மூன்றாம் நிலையைத் தாண்டியிருந்த டவாலி மட்டும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

பிறகு பவர் அக்கா கூண்டில் ஏறினாள்.

"உங்க பேரைக் கூப்பிட்டது காதுல விழுந்துதா?" என்றார் பெரிய குரல்காரர். விழவில்லை என்ற பதிலுக்கு அவர் தயாராக இருந்தார்.

"விழுந்துது."

அவர் தடுமாறினார். அவளுடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார், சாமி கும்பிடுகிறவர் மாதிரி.

"விழுந்துமா போகலை? ஏன்?"

வக்கீல் கண்ணைத் திறந்து, கைக்குட்டையை எடுத்து, தன் கண்ணையே ஒரு முறை துடைத்துக் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள். வீட்டை நினைத்தாள். ஜன்னலோரத்து நாற்காலியையும் நினைத்தாள். கண்ணில் ஏதாவது வருமா என்று ஒரு கணம் பார்த்தாள். வரவில்லை.

"ஜெயிக்கப் போற நேரம். எழுந்து போனா ஆட்டம் கலைஞ்சிடும்."

சுருக்கெழுத்துக்காரப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கல்யாணமானதுலேர்ந்து நான் ஒரு ஆட்டம்கூட ஜெயிச்சதில்ல. அன்னைக்குக் கதவுக்கு ஒரு கட்டம் பாக்கி. அவர் கையில கவிழ் சீட்டும் இல்ல, அடுத்த தேதி சீட்டும் இல்ல. எனக்குத் தெரியும். நானும் எண்ணிக்கிட்டே வந்தேன்."

"அப்போ புருஷன்மேல பாசம் வந்து..."

"அதை நான் சொல்லலை."

"விவாகரத்து வேணும்னுதான் இருந்தீங்க?"

"ஆமா. அந்த ஆட்டம் முடிஞ்சதும் உள்ள போய்ச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அடுத்த கேஸைக் கூப்பிட்டுட்டாங்க."

"பழைய மனுவில நீங்க எழுதின குறையெல்லாம்?"

"எல்லாம் உண்மை. ஒண்ணுகூட மாத்திக்கறதுக்கு இல்ல."

பெரிய குரல்காரர் இதற்குமேல் என்ன வேண்டும் என்பது போல அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நீதிபதி மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவள் கணவருக்கும் பெயர் கூப்பிட்டது கேட்டதா என்று கேட்டார்.

"தெரியலை மேடம். அவர் தலை நிமிரலை."

வெளியே வந்ததும் வக்கீல் அவளை விட்டு முன்னால் நடந்தார். படியிறங்கும்போது திரும்பி, "வீட்டைத் தட்டுல வச்சு நீட்டினாங்க. நீங்க தட்டிவிட்டுட்டீங்க" என்றார். அன்று மாலையே அவள் கடையில் லீவு கேட்டு, வாடகைக்கு ஓர் அறை பார்த்து வந்தாள். ஒற்றை ஜன்னல், அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் குழாயைப் பார்த்து. அதற்கும் அவள் சம்பளத்துக்கும் கணக்கு ஒட்டவில்லை.

தீர்ப்பு வந்தது. நாத்தனாரின் மனு தள்ளுபடி.

வக்கீல் தீர்ப்பை வாசித்துக் காட்டினார். விவாகரத்து ஆணையைப் பெற அழைத்தபோது, அந்த அழைப்பு செவியில் விழுந்தும், கணவனோடு தொடங்கிய விளையாட்டை விட்டு எழ மனமின்றி அமர்ந்திருந்த மனைவியின் செயல், இல்லறத்தின் மீது அவருக்கு இருந்த பற்றையே காட்டுகிறது. அந்தப் பற்றை வாயால் ஒப்புக்கொள்ள அவர் நாணுகிறார் என்றே இந்த நீதிமன்றம் கருதுகிறது. ஆகவே உடன்படிக்கை கைவிடப்பட்டது. வீடும் விளையாட்டும் மனைவிக்கே உரியன.

"நான் நாணலை சார்" என்றாள் அக்கா.

"அம்மா."

"நான் சொன்னதை இப்படி எழுதியிருக்காங்களே. அந்த ஒரு வரியை மட்டும் மாத்தித் தரச் சொல்ல முடியாதா?"

"தாராளமா. திருத்த மனு போடலாம். அந்த வரியை எடுத்தா அதுக்கு மேல கட்டின வீடும் சேர்ந்து இறங்கும். போடட்டுமா?"

அவள் போடச் சொல்லவில்லை. அவ்வளவு உத்தமி இல்லை.

செய்தித்தாளில் மூலையில் ஒரு பத்தி வந்தது. 'பிரிய மறுத்த ஆட்டம்' என்று தலைப்பு. கடை முதலாளி அதை வெட்டி, சின்ன ஃபிரேம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். புதிதாகக் கல்யாணமானவர்கள் வந்து அவளிடமே கண்ணாடி பார்க்க வேண்டும் என்றார்கள். பாட்டில் அடி மாதிரித் தெரியும் என்று அவள் சொன்னால்கூட ஏதோ அன்பாகச் சொன்னது போலச் சிரித்தார்கள். அவள் முதலில் மறுத்துப் பார்த்தாள். "இல்லீங்க, நான் ஜெயிக்கணும்னுதான்" என்பாள். அவர்கள் இன்னும் நெகிழ்ந்தார்கள். வெட்கம் இன்னும் போகவில்லை பாருங்கள் என்றார்கள். சில சமயம் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, இத்தனை பேர் சொல்கிறார்களே, ஒருவேளை தனக்குத்தான் தெரியவில்லையோ என்று தோன்றும். தன் கண்ணைத் தானே சோதித்துப் பார்க்க முடியாதுதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நாத்தனார் வந்தார். அப்பீல் போகப் போவதில்லையாம். உள்ளே வந்து, காலியாகக் கிடந்த முன்னறையைப் பார்த்து, அழுதார். "இவ்வளவு ஆசையை மனசுக்குள்ள வச்சுக்கிட்டு வெளியில விறைப்பா இருந்தியே, எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். பவர் அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். தீர்ப்புக்குத் திருத்தம் சொல்லி என்ன ஆகப் போகிறது? நாத்தனார் தம்பியின் சட்டை ஒன்றை ஞாபகத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். உறவு கழுவித் துடைத்தது போல ஆயிற்று. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"அவனும்தான் பாவம், உனக்காக விட்டுக்கொடுத்தானே" என்றார் போகிற போக்கில்.

"எதை அண்ணி?"

"ஆட்டத்தைத்தான். இல்லேன்னா நீ எப்படிக் கதவு வரைக்கும் வந்திருப்ப? அவன் என்கிட்டயே சின்ன வயசுல ஒரு தடவை தோத்ததில்ல. எனக்கு ஜுரம் அடிச்சப்பகூட விட்டுக்கொடுக்கலை." குரல் உயர்ந்தது. அதில் துக்கம் பாதி, வேறு ஏதோ பாதி. "உனக்குன்னா விட்டிருக்கான். பேரைக் கூப்பிட்டது அவனுக்கும் கேட்டிருக்கும். நீ எழுந்து போயிடக் கூடாதேன்னு விட்டிருக்கான்."

பவர் அக்காவுக்குக் காது சூடாயிற்று. நாத்தனார் சொல்வது உண்மை என்றால் இந்த வீடு நியாயமாகத்தான் கிடைத்திருக்கிறது. தீர்ப்பில் எழுதிய பற்று பொய்யில்லை, அது இருந்த ஆள்தான் வேறு. நாத்தனார் சொல்வது பொய் என்றால் அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவரை மடக்கியிருக்கிறாள். இரண்டில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அவர் விடலை. அவர் முகம் எனக்குத் தெரியும். மூணு சீட்டுக்கு முன்னாடியே வேர்த்துப்போச்சு அவருக்கு."

"வேர்த்தது வெயிலுக்கா இருக்கும்."

"ஃபேனுக்குக் கீழ உக்காந்திருந்தோம் அண்ணி."

"நீ என்ன சொன்னாலும் சரி, என் தம்பியை எனக்குத் தெரியாதா?"

"அண்ணி, வீட்டைக் கேட்டீங்க. கேளுங்க, கோர்ட்டு சொல்லட்டும்னு இருந்தேன். என்னைப் பத்தி மனுவில என்னென்னவோ எழுதுனீங்க. அதையும் விட்டுட்டேன். இதை மட்டும் விட மாட்டேன். நான் ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன்."

"விட்டுக்கொடுத்தான்."

"ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இவ்வளவு பெரிய கேஸை இவ்வளவு மரியாதையாக நடத்தி முடித்த இரண்டு பேர் இப்போது எதற்காகக் கத்துகிறார்கள் என்று தெருவுக்குப் புரியவில்லை.

"எங்க, காட்டு பார்ப்போம்" என்றார் நாத்தனார். "உன் காய் எங்க இருந்துது, அவன் காய் எங்க இருந்துது, அவன் கையில என்ன இருந்துது, எல்லாம் காட்டு. எனக்கு அந்த ஆட்டம் தெரியாதுதான். தெரிஞ்சா விட மாட்டேன்."

மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு அவர் திரும்ப உள்ளே வந்தார். ஜன்னலோரத்தில் இருந்த ஒரே நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.